கவுன்சிலர் வீட்டுக் கவரிங்

ஒரு கவரிங் சங்கிலிக்காகக் கட்டின பொண்டாட்டியோடு யாராவது சண்டை போடுவார்களா?

கவுன்சிலர் செந்தமிழ்செல்வன் போட்டான்.

"யாரக் கேட்டுடி குடுத்த?"

"கேக்க என்ன மாமா இருக்கு? விடிஞ்சா சின்னம்மாக்கா பொண்ணுக்குக் கல்யாணம். வெறுங்கழுத்தோட நிக்குது. குடுத்துட்டேன்." வெண்மதி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "மேல வீதியில ஆயிரத்து எரநூறுக்கு வாங்குனேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதுக்குன்னு?"

"கவரிங்குக்குப் பேர்போன சிதம்பரத்துல உக்காந்துக்கிட்டு அதுக்குப் போயி இந்தக் குதி குதிக்கிறீங்க. ஊரு சிரிக்கப் போவுது."

அவன் பைக்கை எடுத்தான்.

இட்லிக்கடை சின்னம்மாள் வீட்டு வாசலில் ஆட்டோ கதிர்வேல் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தான். செந்தமிழ்செல்வன் சுயேச்சையாக நின்றபோது, வீடு வீடாகத் துண்டேந்திச் செலவுக்குப் பணம் சேர்த்தவன் அவன்தான்.

"வாங்க தலைவரே! பொண்டாட்டி தாலிய அடகு வைக்காம எலெக்சன்ல ஜெயிச்ச ஒரே ஆளு!"

செந்தமிழ்செல்வன் சிரிப்பதுபோல் ஏதோ செய்துவிட்டு உள்ளே போனான்.

"அக்கா... அந்தச் சங்கிலி..."

சின்னம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேசாதீங்க தம்பி. இட்லி வித்த காசுல ஐநூறு ரூவா போட்டேன் உங்களுக்கு. அதப் போயி மனசுல வச்சிக்கிட்டு, என் பொண்ணுக்கு இப்படி ஒண்ணு செய்வீங்களா? உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

கண்ணீர் அவன் மணிக்கட்டில் விழுந்தது. ஒரு கவரிங்குக்கே இப்படி அழுகிறாளே என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினான்.

வீட்டில் வெண்மதி அடுப்படியில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அது கவரிங் இல்ல வெண்மதி. தங்கம். மூணு சவரன். இங்க வாங்குனா தெரிஞ்சிடும்னு கடலூர்ல போயி வாங்குனேன்."

"காசு ஏது?"

"எலெக்சன்ல மிஞ்சுனது."

"பைசா மிச்சமில்லன்னு நன்றிக் கூட்டத்துல மைக்குல சொன்னீங்களே மாமா."

அவன் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

"என்கிட்ட ஏன் கவரிங்னு சொன்னீங்க?"

"உண்மைய சொன்னா நீ போட்டுக்க மாட்டியேடி."

வெண்மதி தட்டை எடுத்து வைத்தாள். சோறு போட்டாள். கீரையை ஊற்றினாள்.

"கல்யாணம் முடிஞ்சதும் பக்குவமாப் பேசி வாங்கிடு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது?"

"சாப்பிடுங்க. காலையில ஆறு மணிக்கு முகூர்த்தம்" என்றாள் அவள்.

மறுநாள் காலை தாலி கட்டி முடிந்ததும் கதிர்வேல் மைக்கைப் பிடித்து மொய் நோட்டின் முதல் வரியைப் படித்தான்: "நம்ம வார்டு மக்கள் சார்பா பொண்ணுக்கு மூணு சவரன் தங்கச் சங்கிலி. நேத்துக் காலையிலயே கடலூர் கடை ரசீதோட கொண்டாந்து சேத்தவங்க, கவுன்சிலர் சம்சாரம் வெண்மதி."