முதல் தண்ணீர்

தெருவுக்கு அடியில் கிடந்த பழைய இரும்புக் குழாயோடு புதிதாக ஒரு நீலக் குழாயை இணைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வால்வு உட்கார்ந்தது.

"பெரியவரே, உங்க துரு என் பக்கம் வராம பாத்துக்குங்க," என்றது நீலக் குழாய்.

"சரிப்பா," என்றது இரும்புக் குழாய்.

வால்வைத் திறந்தார்கள். நீலக் குழாய் போய்ச் சேரும் அடுத்த தெருக் குழாயடியில் முதல் ஆளாகக் குடம் வைத்திருந்த சொர்ணக்கிளி முகம் சுளித்தாள். கொட்டியது சேறு.

"அந்தப் பழைய ஓட்டைக் குழாயில கொண்டுபோய்ச் சேர்த்தா வேற என்ன வரும்?"

நீலக் குழாய்க்குத் திக்கென்றது. வேலையாட்கள் அதன் வாயைக் கட்டாமலே பள்ளத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். போன வாரத்து மழையில் உள்ளே புகுந்த சேறுதான் அது.

இரும்புக் குழாய் இன்னும் கொஞ்சம் வேகமாகத் தண்ணீரைத் தள்ளியது. சற்று நேரத்தில் தண்ணீர் தெளிந்தது.

"புதுக் குழாய்னா புதுக் குழாய்தான்!" சொர்ணக்கிளி நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

நீலக் குழாய் மெல்ல வால்விடம் சொன்னது: "அது என் வயித்துல கிடந்த சேறு. பெரியவர்கிட்ட மட்டும் சொல்லிடாத."

வால்வு சிரித்தது.

"அதை வெளியே தள்ளினதே அவர்தானப்பா."