எண்பது ரூபாய் ரிப்பேர்

“இன்னாது இது சாயிரா? திருவள்ளூர் மோட்டார் பட்டறைக்கு எண்பது ரூபாயா?”

ஷஃபியுல்லா பேங்க் பாஸ் புத்தகத்தை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். செவ்வாப்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

சாயிரா பானு முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, “வேற யார் கணக்கையோ நம்ம கணக்குல எழுதிட்டாங்க போலகீது” என்றாள்.

“பேங்க்லேர்ந்துதான் வர்றேன். செக்குல கையெழுத்து என்னுது. பேரும் தொகையும் எழுதினது நீ.”

முறம் நின்றது. மிளகாய் கொள்முதலுக்கு நெல்லூர்ப் பக்கம் போனால், அவர் திரும்பி வர இரண்டு வாரம் ஆகும். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார். பத்து வருஷமாக அவள் அதைத் தொட்டதே இல்லை.

“உன் தம்பி தாவூதுக்குத்தானே குடுத்தே? பழைய லாரி வாங்கறேன்னு சுத்திகினு இருந்தானே!”

“அல்லா மேல ஆணையா அவன் இல்லீங்க.”

“அப்ப யாரு?”

“இன்னும் பதினஞ்சு நாள் பொறுங்க. நானே சொல்றேன்.”

எண்பது ரூபாய் போனால் போகட்டும். சாயிரா தன்னிடம் ஒன்றை மறைக்கிறாளே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மத்தியானச் சோறுகூடச் சாப்பிடாமல் ரயிலேறினார். திருவள்ளூர் வருவதற்குள் மைத்துனனை மனசுக்குள் நாலு தடவை அடித்து முடித்திருந்தார்.

பட்டறைக்காரர் ஆதிகேசவன் ஒரு பழைய காரின் அடியிலிருந்து கறுப்புக் கைகளோடு வெளியே வந்தார்.

“என் மச்சினன் லாரி எங்கப்பா?”

“எந்த லாரி பாய்?”

“எண்பது ரூபா செக் வந்துச்சே, அந்த லாரி!”

“அதுவா! லாரி இல்ல பாய், இதோ நிக்குதே, இந்தக் காருக்குத்தான். நம்ம டாக்டரம்மாவுது. ஏழைபாழைங்ககிட்ட பீஸே வாங்க மாட்டாங்க, ரிப்பேருக்கு டப்புக்கு எங்க போவாங்க? ஒரு வருஷமா இங்கதான் கெடந்துச்சு. உங்க ஊட்டம்மாதான் வந்து கட்டினாங்க. இனிமே குதிரையாட்டம் ஓடும்!”

ஷஃபியுல்லாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்படிப்பட்ட மனசுக்காரியையா சந்தேகப்பட்டோம்! கடைத்தெருவில் அரை சேர் அல்வா வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியிலேயே திரும்பினார்.

“பைத்தியக்காரி! தருமம் பண்ணினதை என்கிட்ட சொல்ல இன்னா பயம்?” என்று பொட்டலத்தை நீட்டினார்.

சாயிரா பொட்டலத்தை வாங்கவில்லை. அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“தருமம் இல்லீங்க. மூணு மாசம் முடியிற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் வாயக் கட்டிகினு இருந்தேன். போன தடவ எனக்கு வலி எடுத்தப்போ நீங்க நெல்லூர்ல இருந்தீங்க. அந்தக் காரு புட்லூர் ரயில்வே கேட்டாண்ட நின்னுபோயி, டாக்டரம்மா நடந்து வந்து சேர்றதுக்குள்ள நம்ம புள்ள போயிடுச்சே... இந்தத் தடவ அது நிக்கக் கூடாதுங்க.”