உறை பிரிக்காத மிசின்

ஒரகடம் தொழிற்சாலையின் பயிற்சி அறையில், ஐம்பது வயது தாவீது வாயில் பலூனோடு நிற்கிறார். ரப்பர் நாற்றம் தொண்டைவரை இறங்கிக் குமட்டுகிறது. புது மிசினை ஓட்டத் தெரியாதவர்களுக்குத் திங்கட்கிழமையிலிருந்து உற்பத்தி லைனில் இடமில்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதைக் கற்றுக்கொள்ளத்தான் தாவீது நைட் ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருக்கிறார். மிசினோ மூலையில், உறைகூடப் பிரிக்காமல், ட்யூப்லைட் வெளிச்சத்தில் மினுமினுக்கிறது. "உங்க பயத்தையெல்லாம் உள்ள ஊதுங்கண்ணா!" என்று மைக்கில் கத்துகிறான் டிரெய்னர். பிள்ளை பெற்றவர்களையெல்லாம் எல்.கே.ஜி. பிள்ளைகளாக்கிவிட்ட பூரிப்பு அவன் முகத்தில். தாவீது வாயிலிருந்து பலூனை எடுக்கிறார். எச்சில் நூலாய் இழுபட்டுக் கட்டைவிரலில் ஒட்டுகிறது. "இன்னா சார், மிசினை எப்போ ஓட்டிக் காட்டுவீங்கோ?" "மொதல்ல மனசு மாறணும்ணா. அண்ணாவுக்கு எல்லாரும் கை தட்டுங்க!" தட்டுகிறார்கள். "சும்மா ஊதுங்கண்ணே, பொறந்தநாளு கேக்காவது வருதான்னு பாப்போம்" என்று முணுமுணுக்கிறாள் பக்கத்தில் நிற்கும் தூத்துக்குடிக்காரி சந்திரலேகா. கடைசியில் மிசின் முன்னால் போட்டோ. தாவீதின் கை தானாகவே உறைக்குள் தெரியும் பச்சைப் பொத்தானை நோக்கிப் போகிறது. "தொடாதீங்கண்ணா, அழுக்காயிடும். கட்டைவிரலைத் தூக்குங்க!" எல்லாக் கட்டைவிரல்களும் எழுகின்றன. தாவீதும் தூக்குகிறார், அதில் எச்சில் இன்னும் காயவில்லை.