நாற்பதாம் நம்பர் படம்

"இது தேறாதும்மா. ஒரு வருஷம் தாண்டினாலே பெரிய விஷயம். அப்படியே அடிங்க" என்றார் டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்கள் நின்றன. "நாப்பதாம் நம்பரா டாக்டர்?"

"அதேதான். கடைசிப் படம். அப்பாடா, முடிஞ்சுது!"

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்த நாற்பது பெண்களுக்கு, சிகிச்சைக்கு முன்னால் எடுத்த, புற்று இருக்கும் இடமெல்லாம் ஒளிர்ந்து காட்டும் பழைய பெட் (PET) ஸ்கேன் படங்கள் அவை. பெயர்களை நீக்கி நம்பர் போட்டுக் கொடுத்தது டைப்பிஸ்ட் அம்மாதான். ஓர் ஆய்வுக்காக, படத்தை மட்டும் பார்த்து, யார் பிழைத்திருப்பார், யார் போயிருப்பார் என்று டாக்டர் சொல்ல வேண்டும். உண்மையில் என்ன நடந்தது என்பது, மேசைமேல் ஒட்டிவைத்த கவருக்குள் இருந்தது. இந்த மருத்துவமனைக்கு வந்து ஆறு மாதம்தான் என்றாலும், படம் பார்ப்பதில் டாக்டர் புலி.

"இன்னொரு தடவை பாருங்களேன்."

"எத்தனை தடவை பாத்தாலும் இதுதாம்மா. அடிவயித்துல ஆரம்பிச்சு கழுத்தோரம் வரைக்கும் பளிச்சு பளிச்சுனு எரியுது. காலையில வந்த தையல்காரம்மா படமும் அச்சு அசல் இதே மாதிரிதான்." டாக்டரின் குரல் இறங்கியது.

தையல்காரம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடையிலிருந்து அப்படியே ஓடிவந்தவள். அளவு டேப் இன்னும் கழுத்தில் தொங்கியது. 'தேறாதுன்னா இப்பவே சொல்லிடுங்க டாக்டர். சிகிச்சையே வேணாம். பேசாம வீட்டுக்குப் போயிடறேன்' என்று கையெழுத்துப் போடாமல் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். டாக்டர் சொல்லும் ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள்.

"அவங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"உள்ளதைச் சொல்ல வேண்டியதுதான். வீணா ஆசை காட்டறது பாவம்மா." அவருக்கும் மனசு கனத்துத்தான் போயிருந்தது.

"அதுக்கு முன்னாடி இந்தக் கவரைப் பிரிச்சுப் பாருங்க டாக்டர். நாப்பதும்தான் முடிஞ்சுதே."

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கும்மா?"

"எனக்காகப் பாருங்க."

அந்த அம்மா இப்படிப் பிடிவாதம் பிடித்து அவர் பார்த்ததில்லை. சரி, போகட்டும் என்று கவரைக் கிழித்தார். ஒவ்வொன்றாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். முப்பத்தொன்பதில் முப்பத்தைந்து சரி. முகத்தில் சிரிப்பு வந்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னா..."

விரல் கடைசி வரியில் நின்றது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வாய்விட்டுப் படித்தார்.

"நாற்பது. சிகிச்சை முழுதாக முடித்தவர். எட்டு வருடமாக நோய் இல்லை. நலமாக இருக்கிறார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். எழுத்து மாறவில்லை.

"அடேயப்பா! இந்தப் படத்தை வெச்சுக்கிட்டா? யாரும்மா இவங்க? எங்க இருக்காங்க? நான் உடனே பாக்கணும்!"

"ஆறு மாசமா தினம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார் டைப்பிஸ்ட் அம்மா. "வாங்க டாக்டர், வெளியில உக்காந்திருக்கறவங்களுக்கும் என்னைக் காட்டுங்க."