குண்டூசிக்குப் பிறந்தநாள்

அறிக்கை மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம் என்று பூட்டுப் போடக் கற்றுக்கொண்டிருந்தாள், கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். பூட்டு பிடிக்கிறதா என்று சோதிக்க, குண்டூசி என்று இல்லாத ஊழியர் ஒருவரை உருவாக்கினாள். பிறந்த தேதி கொடுத்தால்தான் நகர்வேன் என்று அடம்பிடித்தது திரை. இன்றைய தேதியையே தட்டிவிட்டாள்.

பிறந்தநாள் அறிக்கை தானாகவே கேன்டீனுக்குப் போய்விடும் என்பது அவளுக்கு மறந்தே போயிற்று. மாலையில் கேக் வந்து நின்றது. அலுவலகமே வயிறு வலிக்கச் சிரித்தது.

"பூட்டுப் போடச் சொன்னா புள்ளையே பெத்து வச்சிருக்கியேடி!" என்றாள் பக்கத்து மேசை அக்கா.

காலி நாற்காலியின் முன்னால் கேக்கை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். அவள் வெட்கத்தோடு ஓடிப்போய், குண்டூசியை நீக்கும் பொத்தானை அழுத்தினாள்.

'இவர் இப்போது உள்ளே இருக்கிறார். வெளியேறிய பிறகு நீக்கவும்' என்றது திரை.

"யாரு அக்கா, குண்டூசி பேர்ல உள்ள போனது? பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தானே தெரியும்?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

பாட்டு நின்றுபோயிருந்தது. மெழுகுவர்த்தியை ஊத யாரும் குனிந்திருக்கவில்லை. அணைந்த மெழுகுவர்த்தியின் புகை, காலி நாற்காலியிலிருந்து விலகி, அவர்கள் பக்கமாக நீளமாய்ச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.