பழகின குரல்

இறந்துபோன மாமியார் இன்னும் ஐந்து நிமிடத்தில் பாடப் போகிறார் என்று நினைத்ததுமே கிரேஸுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் வேர்த்தது.

வண்ணார்பேட்டையில் எபியின் ஆடியோ கடை. இரண்டு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகள் மார்பளவு உயரத்துக்கு நின்றன. எதிரே நாற்காலியில் அவள் கணவர் அப்பாத்துரை, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பாளையங்கோட்டையில் பூகோள வாத்தியார். எதிரொலி வராமலிருக்க மாடியறைச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை வைத்திருக்கிற மனிதர். அந்த அறைக்குப் புதுப் பெட்டி பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

வயலின் ஓடி முடிந்தது. எபி உதட்டைப் பிதுக்கினான்.

"வாத்தியத்த வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது அண்ணாச்சி. மனுசக் குரலப் போட்டாத்தான் பெட்டியோட யோக்கியத தெரியும். அதுவும் பழகின குரலா இருக்கணும். அம்மா பாடின கேசட்டக் கொண்டாங்கன்னு சர்ச்சுல வச்சே சொன்னேன்லா?"

அப்பாத்துரை சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். "பழைய கேசட்டு எபி. அதப் போய் எதுக்கு..."

"ஆமாங்க, வேண்டாம்," என்று பாய்ந்தாள் கிரேஸ். "நாடா சிக்கிக்கிட்டா என்ன செய்ய?"

"எங்கிட்ட சிக்காது மதினி." எபி கையை நீட்டிவிட்டான்.

அம்மா பாடிய ஒரே ஒரு கீர்த்தனை அந்தக் கேசட்டில்தான் இருந்தது. தொண்ணூற்றொன்றில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, யாரும் அதன்மேல் எதையும் பதிந்துவிடக் கூடாதென்று அப்பாத்துரை கேசட்டின் முதுகிலிருந்த சிறு பிளாஸ்டிக் துண்டை ஒடித்துப் போட்டார். அது இல்லாவிட்டால் பதிவுப் பொத்தான் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அந்தப் பாட்டைப் போட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். முடிகிற வரை நிமிர மாட்டார்.

போன வருஷம் ஒருநாள் மாடியறையைப் பெருக்கப் போன கிரேஸ், பாட்டை ஓடவிட்டு வேலையைப் பார்க்கலாமே என்று நினைத்தாள். அவசரத்தில் கை பட்டுப் பதிவுப் பொத்தானும் சேர்ந்து இறங்கிவிட்டது. முதுகு ஓட்டையை அடைத்து, பொத்தான் இறங்கும்படி யாரோ செலோடேப் ஒட்டியிருந்ததை அப்புறம்தான் பார்த்தாள். பார்த்து என்ன செய்ய, பாட்டு போய்விட்டது.

அன்றைக்கு அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும். பெற்றவளின் குரலை அழித்தவள் என்று காலமெல்லாம் அவர் கண்ணில் படுவதைவிடச் செத்துப் போகலாம். மாமியார் குரல் அப்படியே வாய்த்திருந்தது திசையன்விளையில் கட்டிக்கொடுத்த நாத்தனார் டார்லினுக்குத்தான். அவளைக் கூப்பிட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். பாடகர் குழுவில் பதினோரு வருஷம் மாமியாருக்குப் பக்கத்தில் நின்றவள் கிரேஸ். அவர் எங்கே மூச்சு வாங்குவார், எங்கே சுருதி இறங்குவார் எல்லாம் அத்துப்படி. கணவர் பள்ளிக்கூடம் போனபின் மைக்கை வைத்துத் தானே பாடிப் பதிந்துவிட்டாள். வீட்டுப் பெட்டிகளில் எல்லாக் குரலுமே ஜலதோஷம் பிடித்த குரல்தான். அதனால் இதுநாள்வரை தப்பித்தாள்.

கரண்ட் போகட்டும் ஆண்டவரே. தினமும் போகிறதே, இன்றைக்கு மட்டும் ஏன் இப்படி நின்று எரிகிறது?

எபி பொத்தானை அமுக்கினான். குரல் கடைக்கு நடுவில் வந்து நின்றுகொண்டு பாடியது. உதடு பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. கிரேஸ் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வழக்கம்போலத் தலையைக் குனிந்திருந்தார்.

இரண்டாவது சரணத்தில், பாட்டுக்குப் பின்னால் எங்கோ தூரத்தில், உஸ்ஸ்ஸ் என்று ஒரு குக்கர் விசில் அடித்தது.

பதிந்த அன்று கிரேஸ் அடுப்பில் வைத்திருந்த குக்கர். மாமியார் இருந்தவரை குக்கரை வீட்டுக்குள் விட்டதில்லை. வெடித்துவிடும் என்று அப்படியொரு பயம் அவருக்கு. அவள் குக்கர் வாங்கியதே அவரை அடக்கம் செய்து ஆறு மாதம் கழித்துத்தான்.

"அடேயப்பா! என்ன துல்லியம் பாத்தீங்களா?" எபி குதித்தான். "எங்கயோ அடுப்படியில குக்கர் விசிலடிக்குது, அதுகூடக் கேக்குது அண்ணாச்சி!"

அப்பாத்துரை சட்டென்று நிமிர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "நிறுத்துலே," என்றார். பாட்டு நின்றது. "எதுத்தாப்புல போயி ரெண்டு டீ சொல்லிட்டு வா."

எபி ஒன்றும் புரியாமல் கதவைத் திறந்துகொண்டு போனான். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போய் மறைந்தது.

"கிரேஸ்."

"என்னங்க..."

"குக்கர் சத்தம் கேட்டியா?"

தலையை மட்டும் ஆட்டினாள். காலில் விழுந்துவிடலாம், அதுதான் ஒரே வழி.

"என்னங்க, நான்..."

"நீ ஒண்ணும் பேசாத. நான் சொல்லிருதேன்." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை அவளுடையதைவிட அதிகமாய் வேர்த்திருந்தது.

"மூணு வருஷத்துக்கு முந்தி, கிரிக்கெட் கமெண்ட்ரி பிடிக்கணும்னு கேசட் மாறி இதுல செலோடேப்ப ஒட்டித் தொலச்சேன். அம்மா பாட்டு அன்னைக்கே போச்சு." அவர் ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டினார். "அந்தக் குக்கர் டார்லின் வீட்டுது, கிரேஸ். பாடுததும் அவதான்."