அப்படியே வைக்கணுமாம்

வெந்நீரில் மூன்று முறை அலசியபின் பஞ்சு வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது.

அவளுக்குத் திருப்தி.

காலையில் கணவர் கையில் அது வந்தபோது, தார் ரோட்டில் கிடந்ததைப் பொறுக்கி வந்ததுபோல் இருந்தது. கறுப்பு. வழவழப்பு. சேற்று வாடை வேறு. மாடி வீட்டு லிஃப்ட் மெக்கானிக் கொடுத்தனுப்பியிருந்தார்.

"புதுத் தொட்டி ஃபில்டருக்குள்ள வைக்கணுமாம். வச்சா இன்னிக்கே மீன் விடலாமாம். ஆனா அப்படியே வைக்கணுமாம்," என்றார் கணவர்.

"அப்படியேவா? இந்த வீட்ல எதையாவது நான் அப்படியே வச்சிருக்கேனா?"

உண்மைதான். ஆபரேஷன் கருவிகளைக் கிருமியில்லாமல் செய்து அடுக்கித் தரும் நர்ஸ் அவள். பதினாறு வருடத்தில் அவள் அடுக்கிய தட்டால் ஒருவருக்கும் சீழ் பிடித்ததில்லை என்று பெரிய டாக்டரே சொல்வார்.

அதோடு, மெக்கானிக்குடன் பேச்சுவார்த்தையும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் அவர் தன் மீன்தொட்டித் தண்ணீரை மாடியிலிருந்து கொட்ட, அது கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய வெள்ளைச் சீருடையில் விழுந்தது. அன்று முதல் படியில் எதிர்ப்பட்டால் இருவரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

அழுக்கைக் கொடுத்தனுப்பிக் குத்திக்காட்டுகிறார் என்றுதான் நினைத்தாள். அதனால் சோப்பும் போட்டாள்.

கூடத்து மேசையில் தொட்டி தயாராக இருந்தது. இரண்டடி நீளம். கறுப்பு மண்ணின்மேல் மணல், பின்னால் உயர்ந்து முன்னால் தாழ்ந்து. நுனி வளைந்த இடுக்கியால் அவளும் மகளும் ஒவ்வொரு செடியாக நட்டிருந்தார்கள். மண் கலங்காமலிருக்க ஒரு சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைத்து, அதன்மேல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தட்டை எடுத்ததும் படுத்திருந்த புல் மெல்ல எழுந்து நின்றது. மூச்சுப் பட்டால் கலங்கிவிடும் என்பதுபோல் மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது தண்ணீரின்மேல் ஒரு பிளாஸ்டிக் பை மிதந்தது. உள்ளே விரல் நகம் அளவில் இரண்டு ஆரஞ்சு மீன்கள்.

முன்பு கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த நான்கும் ஐந்தே நாளில் செத்துப்போயின. அவள் தினமும் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் மாற்றியும்கூட.

"நீ நர்ஸ்தானேம்மா, ஏன் காப்பாத்தல?" என்று மகள் கேட்டாள்.

இந்த இரண்டு உயிராவது தங்கட்டும் என்று காலையிலேயே அவள் சாமியிடம் சொல்லி வைத்திருந்தாள்.

பஞ்சை ஃபில்டருக்குள் வைக்கப் போனபோது அழைப்பு மணி அடித்தது. மகள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மெக்கானிக்.

அவர் பஞ்சைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பஞ்சைப் பார்த்தார்.

"துவைச்சுட்டீங்களா சிஸ்டர்?"

"சோப்பு போட்டு," என்றாள் விட்டுக்கொடுக்காமல்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் சொன்னார். அந்தக் கறுப்பு முழுக்க உயிர். கண்ணுக்குத் தெரியாத கோடிக் கிருமிகள். மீனின் கழிவு தண்ணீரில் விஷமாகும். அதைத் தின்று தீர்ப்பவை அவைதான். புதுத் தொட்டியில் அவை தானாக வளர ஒரு மாதம் ஆகும். தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தால் வளரவே வளராது.

அவளுக்குக் கிண்ணம் நினைவுக்கு வந்தது. எவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருந்தாள்.

அவள் முகம் போன போக்கை அவர் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று மகள் பக்கம் திரும்பினார்.

"எனக்கே இது ரொம்ப நாள் தெரியாது பாப்பா. நான் சாகடிச்சது மட்டும் முப்பது மீன் இருக்கும். யார்கிட்டயும் சொல்லிடாத."

மகள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப எங்கம்மா பரவால்ல மாமா. நாலுதான்."

அவர் மாடிக்குப் போய் இரண்டு நிமிடத்தில் திரும்பினார். கையில் இன்னொரு கறுப்புப் பஞ்சு. வாசலிலிருந்து மேசைவரை, துடைத்த தரையில் அழுக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. அவள் அதைப் பார்த்தாள். கையுறைகூடப் போடாமல் வெறுங்கையில் பஞ்சை வாங்கி, ஃபில்டருக்குள் அப்படியே வைத்தாள்.

சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் சலசலத்தது. மகள் பையைச் சாய்த்தாள். மீன்கள் ஒரு கணம் தயங்கி, பிறகு வீட்டு வழி தெரிந்தவைபோல் புல்லுக்குள் நுழைந்தன.

அவள் கண்ணை மூடிக் கைகூப்பினாள். கண் திறந்தபோது பத்து விரலும் கறுப்பு. கை கழுவாமல் அவள் சாமி கும்பிட்டதே இல்லை. ஆனால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தோன்றியது. அவருடைய வேலையிலும் பாதி இப்படி ஏதாவது அழுக்குக்குள்தான் நடக்கிறது போலும்.

"உங்க தொட்டிப் பஞ்சை எங்களுக்குக் குடுத்துட்டீங்க. உங்க மீனுங்க என்ன செய்யும்?" என்று மெக்கானிக்கைக் கேட்டாள். மூன்று மாதத்தில் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்து.

"என்னுது என் தொட்டியில பத்திரமா இருக்கு. இந்த ரெண்டு பஞ்சும் உங்களுக்குன்னே வாங்கி உள்ள ஊறப் போட்டது. செத்த மீனை டப்பால வச்சுக்கிட்டு பாப்பா படியில உக்காந்து அழுதுச்சே, அன்னிக்கு. ரெண்டு மாசம் ஆச்சு."

இருவரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்த நாட்கள் அவை. அவள் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு எதுக்கு? இந்த ஃபில்டருக்கு ஒண்ணு போதுமே."

அவர் அதற்குள் படியேறத் தொடங்கியிருந்தார்.

"ஒண்ணு தொட்டிக்கு," என்றார் திரும்பாமலே. "ஒண்ணு நீங்க துவைக்கிறதுக்கு."